வேன்ஸ் ஸ்கேட் ஓல்ட் ஸ்கூல்: எங்கே தாங்கும், எங்கே கிழியும்

ஸ்கேட்போர்டுக்கென்று ஷூ வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது “எத்தனை நாள் உழைக்கும்?” என்றுதான். தினமும் கிக்ஃப்ளிப் (குதித்தபடி போர்டைக் காலால் சுண்டிச் சுழற்றும் வித்தை) அடிப்பவர் காலில் எப்பேர்ப்பட்ட ஷூவும் ஒன்றிரண்டு மாதத்தில் ஓட்டை விழுந்துவிடும். பௌலில், அதாவது கிண்ணம் போலக் குழிந்த தளத்தில், வளைந்து வளைந்து ஓட்டிக்கொண்டிருப்பவர் அதே ஷூவை வருஷக்கணக்கில் போடுவார். அதனால் நாள் கணக்கை விட்டுவிட்டு, எந்த இடம் முதலில் போகிறது, ஏன் போகிறது என்று பார்ப்பதுதான் பயன். வேன்ஸ் கம்பெனியின் ஸ்கேட் ஓல்ட் ஸ்கூலை எடுத்துக்கொண்டு பார்ப்போம். பலருக்கும் தெரிந்த ஷூ. அதன் நல்லதும் கெட்டதும் ஒளிவுமறைவில்லாமல் வெளியே தெரியும்.

எதிரி யார் என்பதில் சந்தேகமே வேண்டாம்: போர்டின் மேல் ஒட்டியிருக்கும் கிரிப் டேப். பின்பக்கம் பசை தடவிய உப்புத்தாள் என்றே அதைச் சொல்லலாம். சிலிக்கான் கார்பைடு துகள், பெரும்பாலும் 80 கிரிட் (துகளின் பருமனைச் சொல்லும் எண்). ஆலி (கையால் தொடாமல் போர்டோடு குதிப்பது) அடிக்கும்போது பின்கால் டெயிலை, அதாவது போர்டின் பின்நுனியை, தரையில் அடிக்கிறது, நோஸ் என்கிற முன்நுனி மேலே எழுகிறது. அந்த நேரத்தில் முன்கால் கணுக்காலை மடக்கி, பாதத்தின் வெளிப்பக்கத்தால் அந்த உப்புத்தாளைத் தேய்த்துக்கொண்டே மேலே போகிறது. ஒவ்வொரு ஆலியிலும் சுண்டுவிரலுக்குச் சற்றுப் பின்னாலிருந்து லேஸ் ஓட்டைகள் வரைக்கும் அதே இடம்தான் தேய்கிறது. கிக்ஃப்ளிப்பில் தேய்மானம் இன்னும் முன்னால் நகர்ந்து சுண்டுவிரல் நுனியில் குவியும். ஆகவே முன்கால் ஷூ கந்தலாகும்போது பின்கால் ஷூ ஏறக்குறைய புதிதாகவே இருக்கும். கலிபோர்னியாவில் வேன்ஸ் கடைகள் எழுபதுகளில் ஸ்கேட்டர்களுக்கு ஒற்றை ஷூவாகக் கூட விற்றதற்குக் காரணம் இதுதான். இன்று பெரும்பாலும் அப்படிக் கிடைக்காது. இடது கால் முன்னால் வைக்கும் ரெகுலர்காரர் ஒருவரும், வலது கால் முன்னால் வைக்கும் கூஃபிக்காரர் ஒருவரும் ஒரே சைஸில் நண்பர்களாக அமைந்தால், கிழிந்த இரண்டு ஜோடியிலிருந்து நல்ல ஒரு ஜோடி தேறும்.

ஓல்ட் ஸ்கூல் 1977இல் வந்தது. அதற்கு முன் 1976இல் வந்த எரா என்ற வேன்ஸ் ஷூ முழுக்க கேன்வாஸ். ஓல்ட் ஸ்கூலில்தான் தேயும் இடங்களில் தோல் வைத்துத் தைத்தார்கள். இப்போதைய மாடலில் முன்பக்கமும் லேஸ் ஓட்டைப் பகுதியும் ஸ்வேட், பக்கவாட்டிலும் கணுக்கால் பக்கமும் பெரும்பாலும் கேன்வாஸ். இந்தப் பிரிவினை முக்கியம். ஸ்வேட் என்பது தோலின் உட்பக்கத்து நார். மேலே உரிந்து போகிற மெல்லிய படலம் என்று ஒன்று அதற்குக் கிடையாது. ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் நார் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தேயும். கேன்வாஸோ நெசவு. ஓர் இழை அறுந்தால் பக்கத்து இழை நழுவும், நான்கைந்து நல்ல ஆலியில் விரல் நுழையும் ஓட்டை வந்துவிடும். வழவழப்பான முழுத் தோல் ஸ்வேட்டுக்கு நிகராக உழைக்கும், ஆனால் புதிதில் கிரிப் டேப்பைப் பிடிக்காமல் வழுக்கும்.

ஸ்வேட் முன்பக்கம் கேன்வாஸைச் சந்திக்கும் அந்த வளைந்த தையல்தான் ஓல்ட் ஸ்கூலின் பலவீனம். ஆலி தேய்க்கும் பாதையில் குறுக்கே உட்கார்ந்திருக்கிறது. ஸ்வேட் தேய்வதற்கு முன்பே மேல் வரிசை நூல் அறுந்துவிடும். நூல் போனால் ஸ்வேட்டின் ஓரம் தூக்கிக்கொள்ளும். தூக்கிக்கொண்ட ஓரம் அடுத்த ஃப்ளிப்பில் டேப்பில் மாட்டி இன்னும் கொஞ்சம் பிய்யும். பக்கவாட்டில் ஓடும் அந்த வெள்ளைப் பட்டையின் முன்நுனிக்கும் இதே கதிதான். பார்க்க லட்சணமாக இருக்கிறது, தேய்மானக் கணக்கில் அது இன்னொரு தையல் வரிசை, அவ்வளவுதான்.

2021இல் வந்த ஸ்கேட் வரிசையில் இதற்கு ஒரு விடை இருக்கிறது. ஸ்வேட்டுக்கு அடியில் ரப்பர் தாள் ஒன்று, டியூராகேப் என்ற பெயரில். ஸ்வேட் தேய்ந்து போனதும் ரப்பர் தலைகாட்டும், காலுறை உடனே வெளியே வராது. இது நிஜமாகவே வேலை செய்கிறது. ஆனால் ஒரு விஷயம்: ரப்பர் வெளியே தெரிய ஆரம்பித்ததும் ஃப்ளிக், அதாவது போர்டைக் கால் சுண்டும் விதம், மாறிவிடும். ஸ்வேட் டேப்பில் பிடித்தும் பிடிக்காமலும் சறுக்கும், ரப்பர் கடித்துக்கொள்ளும். ஃப்ளிப் திடீரென்று அதிகமாகச் சுழல்கிறது, அல்லது கால் போர்டை விட்டு வர மறுக்கிறது என்றால் உங்கள் கால்மேல் பழி போடாதீர்கள், ஷூவைக் குனிந்து பாருங்கள்.

கடையில் மாட்டிக்கொள்ளும் இடம் இங்கேதான். சாதாரண ஓல்ட் ஸ்கூலும் ஸ்கேட் ஓல்ட் ஸ்கூலும் தள்ளி நின்று பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். கையில் எடுத்து மூன்று இடம் பாருங்கள். சுண்டுவிரல் வரும் இடத்தை வெளியிலிருந்து கட்டைவிரலால் அழுத்துங்கள்: ஸ்கேட் மாடலில் அடியில் ரப்பர் தாளின் விறைப்பு தெரியும், சாதாரண மாடல் துவண்டு கொடுக்கும். இன்சோலை (உள்ளே பாதம் படும் மெத்தையை) பின்பக்கத்தில் பிடித்துத் தூக்குங்கள்: ஸ்கேட் மாடலில் கழன்று வரும், குதிகால் பக்கம் பருமனாக இருக்கும். நாக்கை இழுத்து உள்ளே பாருங்கள்: அது ஓரமாக நழுவாதபடி இருபுறமும் இலாஸ்டிக் பட்டை இருக்க வேண்டும். மூன்றும் இல்லையென்றால் அது நடப்பதற்கான ஷூ. நடக்க நன்றாகவே இருக்கும்.

அடிப்பாகத்துக்கு வருவோம். வேன்ஸ் கம்பெனி 1966இல் கலிபோர்னியாவின் அனஹைமில் தொடங்கியது. ஆரம்பத்தில் அடி ரப்பரில் வெறும் சாய்சதுரக் கட்டங்கள்தான். பாதம் மடங்கும் இடத்தில் அது வெடித்ததால், அங்கே மட்டும் நேர்கோடுகளைச் சேர்த்தார்கள். இன்றைக்கு எல்லோரும் வாஃபிள் என்று சொல்லும் அந்த வடிவம் அப்படி வந்ததுதான். கட்டமைப்பு வல்கனைஸ்டு வகை: பதப்படாத ரப்பர் நாடாவை ஷூவைச் சுற்றி ஒட்டி, ஷூவோடு சேர்த்து அடுப்பில் வேகவைப்பார்கள். சூட்டில் ரப்பர் கந்தகத்தோடு சேர்ந்து இறுகி, அடிப்பாகமும் பக்கமும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். மெல்லிதாக, வளைந்து கொடுக்கும்படி செய்ய முடிவது இதனால்தான்.

அந்த மெல்லிய அடிதான் இந்த ஷூவை வாங்கக் காரணம். போர்டின் ஓரம் எங்கே, சக்கர அச்சைப் பிடித்திருக்கும் போல்ட் எங்கே, டெயிலின் வளைவு எங்கே தொடங்குகிறது என்று பார்க்காமலே பாதத்துக்குத் தெரியும். முதல் நாளிலேயே தெரியும், பழக்க வேண்டிய அவசியம் குறைவு. மேனுவல் (இரண்டு சக்கரத்தில் மட்டும் ஓட்டுவது), நடைபாதை விளிம்பில் செய்யும் கர்ப் ட்ரிக், லெட்ஜ் என்கிற திண்ணை விளிம்பில் நோஸால் சறுக்கும் நோஸ்ஸ்லைடு, சமதள ஃப்ளிப் எல்லாவற்றுக்கும் இது பெரிய வசதி.

அதே மெல்லிய அடிதான் இதன் குறையும். ஐந்தாறு படிக்கட்டுக்கு மேல் குதித்து இறங்கும்போது எடையெல்லாம் குதிகாலில் விழுந்தால், தாங்குவதற்கு இன்சோலைத் தவிர அங்கே பெரிதாக எதுவும் கிடையாது. குதிகால் எலும்புக்குக் கீழே இருக்கும் கொழுப்பு மெத்தை நசுங்கி, காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது சுளீர் என்று குத்தும். ஹீல் ப்ரூஸ் என்று ஸ்கேட்டர்கள் சொல்வது இதைத்தான். வந்துவிட்டால் வாரக்கணக்கில் படுத்தும். பருமனான இன்சோல் வாங்கிப் போடலாம்: பழையதை எடுத்து, புதியதன்மேல் வைத்துக் கோடு போட்டு வெட்டினால் சரியாக உட்காரும். பழையதை உள்ளேயே விட்டுவிட்டு மேலே இன்னொன்று போடாதீர்கள். குதிகால் மேலே ஏறி, ஷூவின் பின்விளிம்பு பிடிக்காமல் போகும், ஆலி அடிக்கும்போது குதிகால் கழன்று வரும். கணுக்காலில் போர்டு அடிப்பதையும் இந்த ஷூ தடுக்காது. அதற்கு 1978இல் வந்த, கணுக்காலையும் மூடும் ஸ்கேட்-ஹை இருக்கிறது, அடிப்பாகம் இதே குடும்பம்தான்.

பெரிய குதியல்தான் உங்கள் வேலை என்றால் கப்சோல் ஷூவுக்குப் போய்விடுவது புத்திசாலித்தனம். அதில் அடிப்பாகம் கிண்ணம் மாதிரி தனியே வார்க்கப்பட்டு, மேல்பாகத்தை அதற்குள் இறக்கி ஒட்டி, சுற்றிலும் தையல் போட்டிருப்பார்கள். 2002இல் வந்த நைக்கி எஸ்பி டங்க் இந்த வகை. முதல் சில நாள் பலகையில் நிற்பது போல விறைப்பாக இருக்கும், மடங்கிப் பழகப் பழகச் சரியாகும். சுற்றுத் தையல் முன்காலில் சீக்கிரமே அறுந்துவிடும். பயப்பட வேண்டாம், பசை பிடித்துக்கொண்டிருக்கும்வரை அடிப்பாகம் விடாது. வல்கனைஸ்டு ஷூவில் விஷயம் வேறு. பாதம் மடங்கும் இடத்தில் அந்த ரப்பர் நாடா ஒருமுறை வாய் பிளந்தால், தூசி உள்ளே போய் ஒவ்வொரு மடிப்பிலும் வாய் பெரிதாகும். நகம் நுழையும் அளவில் இருக்கும்போதே சுத்தம் செய்து ஒட்டிவிட வேண்டும்.

சைஸ் விஷயத்தில் ஒரே விதி: நடக்கும் ஷூவைவிடக் கொஞ்சம் இறுக்கம். பெருவிரலுக்கு முன்னால் அரை விரல் அகலம் போதும். முன்னால் காலி இடம் இருந்தால் ஃப்ளிக் செய்யும் நுனி உங்கள் விரலாக இருக்காது, வெறும் ரப்பராக இருக்கும். மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும்போது, ஸ்கேட் செய்யப் போடும் அதே காலுறையோடு போட்டுப் பாருங்கள். அகலப் பாதக்காரர்களுக்கு ஓல்ட் ஸ்கூல் சுண்டுவிரலில் அழுத்தும். ஸ்வேட் கொஞ்சம் விரிந்து கொடுக்கும் என்றாலும், அடியிலிருக்கும் ரப்பர் தாள் விரியாது.

லேஸ். முன்கால் ஷூவில் வெளிப்பக்கம் கீழே இருக்கும் ஒன்றிரண்டு ஓட்டைகளில்தான் அறுபடும். அடிக்கோடி ஓட்டையை விட்டுவிட்டு அதற்கு அடுத்ததிலிருந்து கட்டினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அறுந்தால் முடிச்சுப் போட்டு ஓட்டுங்கள்.

இனி ஒட்டுவேலை. இதை ஒழுங்காகச் செய்தால் ஷூவின் ஆயுள் கணிசமாகக் கூடும், அவசரப்பட்டுச் செய்தால் பசைதான் வீண். ஓட்டை விழும்வரை காத்திருக்கக் கூடாது. புது ஷூவிலேயே, ஆலி பாதையில் வரும் தையல்மேல் ஃபெவிக்விக்கை ஒரு கோடாக இழுத்துவிடுங்கள். நூல் இறுகிக்கொள்ளும், ஓரிடத்தில் அறுந்தாலும் வரிசையாகப் பிரியாது. சிந்தி ஸ்வேட்டில் பரவினால் அந்த இடம் கல் மாதிரி ஆகி வழுக்கும், ஆகவே நூலின்மேல் மட்டும்.

ஸ்வேட் மெலிந்து உள்ளே கறுப்பு தெரிய ஆரம்பித்ததும் ஷூ கூ என்ற ரப்பர் பசையின் முறை. தொங்கும் நூலை இழுக்காமல் கத்தரியுங்கள். பூசப் போகும் இடத்தை உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கி, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணியுங்கள், கால் உள்ளே இருக்கும்போது எப்படி இருக்குமோ அந்த வடிவம் வர வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசி, விரலைத் தண்ணீரில் நனைத்து அல்லது ஐஸ் கட்டியால் ஓரங்களை வழித்து மெல்லிதாக்குங்கள். சன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், வாடை தலையைச் சுற்றவைக்கும். ஒருநாள் முழுக்கத் தொடக் கூடாது. கனமாகப் பூசியிருந்தால் மூன்று நாள் வரை விடலாம். காய்ந்ததும் பளபளப்பு இருக்கும். பழைய கிரிப் டேப் துண்டால் நாலு இழுப்பு இழுத்து அதைப் போக்கிவிட்டு ஓட்டுங்கள்.

பெரும்பாலும் கெட்டுப்போவது மூன்று காரணத்தால். மறுநாள் காலையே ஓட்டக் கிளம்புவது: மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும் பசை உருண்டு திரண்டு வந்துவிடும். கனமாக அப்புவது: ஓரம் டேப்பில் மாட்டி ஒரே பாளமாகப் பெயர்ந்து வரும். விரல் மடங்கும் மடிப்பின்மேல் பூசுவது: அங்கே எந்தப் பசையும் நிலைக்காது, விரிசல் விட்டு உரியும். மடிப்புக்கு முன்னும் பின்னும் தனித்தனியாகப் பூசுங்கள்.

நனைந்த ஷூவை வெயிலில் காயவைக்காதீர்கள், ஹேர் டிரையரும் வேண்டாம். ஸ்வேட் விறைத்து வெடிக்கும், பசையும் இளகும். இன்சோலைக் கழற்றி, செய்தித்தாள் திணித்து, ஃபேன் காற்றில் வையுங்கள்.

கிரிப் டேப்பிலும் கொஞ்சம் சமாளிக்கலாம். மாப், ஜெஸ்ஸப் என்று பல பிராண்டுகள் உண்டு. மாப் டேப் முரட்டுத்தனமாகப் பிடிக்கும், ஷூவையும் வேகமாகத் தின்னும். ஜெஸ்ஸப் அந்த அளவுக்குக் கிடையாது. புது டேப் ஒட்டியதும், மிச்சமான துண்டை மடித்து, முன்போல்ட்டுக்குப் பக்கத்தில் கால் சறுக்கும் பகுதியில் மட்டும் தேய்த்து அதன் கூர்மையை மழுக்கிவிடலாம். டெயில் பக்கம் தொடாதீர்கள், பின்காலுக்கு அந்தப் பிடி வேண்டும்.

தூக்கிப் போட வேண்டிய நேரத்தை மேல்பாகம் சொல்லாது. மேலே எத்தனை ஓட்டை இருந்தாலும் ஒட்டிக்கொள்ளலாம். தரையைத் தள்ளும் காலின் அடியைத் திருப்பிப் பாருங்கள், காலைத் தரையில் தேய்த்து நிறுத்தும் பழக்கம் இருந்தால் இன்னும் சீக்கிரம் பார்க்க வேண்டும். பெருவிரலுக்குப் பின்னால் வாஃபிள் கட்டங்கள் வழித்தெடுத்த மாதிரி சமமாகியிருந்தால், ஈரத் தரையில் அந்தக் கால் வழுக்கும். அதோடு அந்த ஜோடியின் கணக்கு முடிந்தது. போடுவதற்கு முன் முன்பக்க ஸ்வேட்டில் தேயாத துண்டையும், பின்கால் லேஸையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஜோடிக்கு உள்பக்க ஒட்டுக்கு ஒன்று ஆகும், மாற்று லேஸாக மற்றொன்று.