நாலை ஐந்தாக்க மூன்று வாரம்

"சின்ன மாற்றம்தான் சார், ஒரே ஒரு எண்" என்று சொல்லித்தான் அந்த ரேக்கை என் தலையில் கட்டினார்கள். பெங்களூரில் நான் பார்ப்பது பழைய ஏவியானிக்ஸ் (விமான மின்னணு) சோதனைக் கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலை. பறக்கிற பெட்டி இல்லை. பறக்கிற பெட்டியைத் தரையில் வைத்துச் சோதிக்கிற பெட்டி. சென்சாரை மாற்றிவிட்டார்கள், அதனால் உள்ளே 1.0 என்று இருக்கும் கெயின் (சிக்னலைப் பெருக்கும் எண்) 1.25 ஆக வேண்டும். மூடியைத் திறந்தால் 1750ஏ.

பெயரைப் பார்த்து ஏதோ ஒரு சிப் என்று நினைக்க வேண்டாம். 1980-ல் அமெரிக்க விமானப்படை எழுதிவைத்த 16 பிட் கட்டளைத் தொகுப்பு அது. சிப்பை யார் வேண்டுமானாலும் செய்யலாம், பலர் செய்தார்கள். எஃப்-16-ல் இருந்தது, சனிக்குப் போன காசினியில் இருந்தது, வால்நட்சத்திரத்தைத் துரத்திய ரொசெட்டாவிலும் இருந்தது. 1996-லேயே புது வடிவமைப்புக்கு வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்கள்.

சோர்ஸ், அதாவது புரோகிராமின் மூல வடிவம், ஒரு சிடியில் கிடைத்தது, அடா என்ற புரோகிராம் மொழியில். அதைச் சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் இல்லை. அது ஓடியது வாக்ஸ் என்ற பழைய கம்ப்யூட்டரில். விற்ற கம்பெனியை இன்னொன்று வாங்கி, அதை வேறொன்று வாங்கி, கடைசியில் போனை எடுத்தவருக்கு அப்படியொரு சரக்கு இருந்ததே தெரியவில்லை.

ஜிசிசி என்ற ஓப்பன் சோர்ஸ் கம்பைலரில் ஒரு காலத்தில் 1750ஏ-வுக்கான கட்டளைகளை உருவாக்கும் பகுதி இருந்தது. பராமரிக்க ஆளில்லாமல் 2000-களின் தொடக்கத்தில் தூக்கிவிட்டார்கள். 2.7.2 பதிப்பைத் தேடி எடுத்தேன். இன்றைய லினக்ஸில் பில்டே ஆகவில்லை. பழைய 32 பிட் லினக்ஸ் ஒன்றை விர்ச்சுவல் மெஷினில் போட்டு, அங்கே ஒருவழியாக ஏற்றினேன். முதல் சோதனையிலேயே இன்ட் என்ற முழு எண் வகையின் அளவு 1 என்றது. பில்ட் கெட்டுப்போச்சு என்றுதான் நினைத்தேன். கெடவில்லை. இந்த மெஷினில் பைட்டுக்கு முகவரியே கிடையாது, 16 பிட் வேர்டுக்குத்தான். கேரக்டரும் 16 பிட், இன்ட்டும் 16 பிட், அதனால்தான் அளவு 1.

அந்த ஒரு மாட்யூலை மட்டும் சி-யில் எழுதிச் சேர்த்துவிடலாம் என்று போய்ச் சொன்னேன். மேனேஜர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கம்பைலர் மாறினா எல்லா டெஸ்டும் முதல்லேர்ந்து. காசு யார் தருவா?"

அவர் சொன்னது நியாயம்தான். இந்தத் துறையில் கம்பைலர் என்பது சோதித்து ஒப்புக்கொண்ட அந்த ஒரு பதிப்பு மட்டும்தான். 2025 மார்ச்சில் இஸ்ரோவிடம் ஒப்படைக்கப்பட்ட இரண்டு 32 பிட் புராசசர்களைப் பற்றிப் படித்தபோது நான் முதலில் தேடியதும் அதைத்தான். கல்பனா 3201, ஸ்பார்க் என்ற கட்டளைத் தொகுப்பு வகை. ஓப்பன் சோர்ஸ் கருவிகள் அப்படியே செல்லும். விக்ரம் 3201-க்கு அடா கம்பைலர், அசெம்பிளர், லிங்கர், சிமுலேட்டர் எல்லாம் இஸ்ரோவிலேயே எழுதியிருந்தார்கள். சி கம்பைலர் அப்போது தயாராகிக்கொண்டிருந்தது. முப்பது வருஷம் கழித்து அதைத் தேடப்போகிற ஆளை நினைத்துக்கொண்டேன்.

சரி, கம்பைலரே வேண்டாம், ஈப்ராமில் (புரோகிராம் பதிந்திருக்கும் மெமரி சிப்) இருக்கும் எண்ணையே மாற்றிவிடுவோம் என்று இறங்கினேன். அதில் இருப்பதை அப்படியே டம்ப் எடுத்து 1.0-ஐத் தேடினால் காணோம். 2.0000002 என்று மட்டும் அங்கங்கே வந்தது. ஒரு நாள் முழுக்க முழித்தபிறகுதான் உறைத்தது: இன்றைய பிசிக்கள் தசம எண்ணை வைக்கும் ஐ-ட்ரிபிள்-ஈ கணக்கில் நான் படித்துக்கொண்டிருக்கிறேன். 1750ஏ-வில் முதல் 24 பிட் மாண்டிசா (எண்ணின் இலக்கங்கள்), கடைசி 8 பிட் எக்ஸ்போனன்ட் (இரண்டின் அடுக்கு). 1.0 என்றால் 0.5 பெருக்கல் 2. ஹெக்ஸில் 4000 0001. அதை நம் ஊர் பிசி படித்தால் 2.0000002.

1.25 என்பது 0.625 பெருக்கல் 2. 5000 0001. ஒரே ஒரு நாலு, ஐந்தாக வேண்டும்!

எந்த நாலு என்பதுதான் பாக்கி. பதினேழு இடத்தில் 1.0 இருந்தது. பழைய ஜிசிசியோடு தேடி எடுத்த சிமுலேட்டர் இங்கேதான் கைகொடுத்தது. இமேஜை அதில் ஓட்டி, கெயின் கணக்கு எந்த முகவரியைத் தொடுகிறது என்று பார்த்துக்கொண்டேன்.

ஈப்ராமில் எழுதும்போது ஒன்றைப் பூஜ்யமாக்கலாம், பூஜ்யத்தை ஒன்றாக்க முடியாது. நாலு 0100, ஐந்து 0101. ஆக யுவி விளக்கடியில் இருபது நிமிடம் வைத்து முழுசாக அழித்துத்தான் எழுத வேண்டும். நல்லவேளை, மேல் பைட்டுக்கு ஒரு சிப், கீழ் பைட்டுக்கு ஒரு சிப். செக்சம் (உள்ளே இருப்பது கெடவில்லையா என்று சரிபார்க்கும் எண்) வெறும் கூட்டல். அதுவும் சரியாக ஹெக்ஸ் 1000 கூடியது, அதுவும் மேல் பைட்டிலேயே. கீழ் பைட் சிப்பை சாக்கெட்டிலிருந்து கழற்றவே இல்லை.