போகும் இடத்தை முதலில் வீட்டில் கட்டுவோம்

ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்கு லெகோ (ஒன்றோடொன்று பொருத்தி விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகள்) ஏன் இவ்வளவு பிடிக்கிறது? என் மகனைப் பார்த்தவரை, அது ஏமாற்றாது என்பதுதான் காரணம். 1958-இல் வந்த கட்டைகூட இன்றைய கட்டையோடு கச்சிதமாகப் பொருந்தும்.

உளவியலாளர் டேனியல் லெகாஃப் இதை ஒரு சிகிச்சை முறையாகவே வளர்த்து 2004-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். ஒரு குழந்தை படத்தைப் பார்த்துச் சொல்லும், ஒன்று கட்டையைத் தேடித் தரும், இன்னொன்று பொருத்தும், அப்புறம் மாற்றிக்கொள்வார்கள். வீட்டில் அக்காவும் தம்பியும் அப்படித்தான் விளையாடுகிறார்கள். "சிவப்பு, தட்டையா, நாலு புள்ளி" என்று அவன் சொல்ல, அவள் வேண்டுமென்றே நீலத்தை நீட்டுவாள், அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்து "இது இல்ல!" என்பான். அந்தப் பார்வைக்காகவே எனக்கு இந்த விளையாட்டு பிடிக்கும்.

வெளியே கிளம்பும் முன் போகிற இடத்தையும் கட்டைகளிலேயே கட்டிவிடுவோம், வாசல், வரிசை, கழிப்பறை, முக்கியமாக வெளியேறும் வழி, அதில் ஒரு பொம்மை மனிதனை அவனே நடத்திப் பார்ப்பான். காது மூடி, ஒரு பை நிறையக் கட்டைகள், இவை இல்லாமல் கிளம்புவதில்லை. விமான நிலையம் என்றால் சூரியகாந்திப் பட்டையையும் (வெளியே தெரியாத குறைபாடு இருப்பதை ஊழியர்களுக்குக் காட்டக் கழுத்தில் அணிவது) கேட்டு வாங்குங்கள், 2016-இல் லண்டன் கேட்விக்கில் தொடங்கியது, இப்போது பல நாடுகளில் இருக்கிறது. கூட்டம் தாங்கவில்லை என்று பிள்ளை காட்டினால், டிக்கெட் காசு போனாலும் பரவாயில்லை, உடனே கிளம்பிவிடுங்கள்.