படகில்லாத ஏரி

ஜூன் 2
அக்கா போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. அவளை வரைய முயன்று மூன்று கேன்வாஸ் வீணாகிவிட்டது. முகம் வருகிறது, அவள் வரவில்லை. இன்று முகத்தை விட்டுவிட்டு ஏரியைத் தொடங்கினேன். விடியற்காலம், அசையாத தண்ணீர், நடுவில் ஆளில்லாத படகு. படகுக்கு மட்டும் பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பு வண்ணத்தைக் கொஞ்சம் கெட்டியாக வைத்தேன்.

ஜூன் 5
இரண்டு நாளாக ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிஷின் ஓவியங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 1774இல் பால்டிக் கரையோர ஊரான கிரைஃப்ஸ்வால்டில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாயை இழந்தார். 1787இல், அவருக்குப் பதின்மூன்று வயதில், தம்பி தண்ணீரில் மூழ்கி இறந்தான். ஃப்ரீட்ரிஷைக் காப்பாற்றப் போய்த்தான் அவன் பனிக்கட்டிக்குள் விழுந்தான் என்றும் சொல்வார்கள்.

அதைப் படித்த பிறகு ‘பனிக்கடல்’ ஓவியத்தைச் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை. 1823-24இல் வரைந்தது. எல்பே ஆற்றில் மிதந்த பனிப்பாளங்களை நேரில் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் பழகியிருக்கிறார். ஆனால் ஓவியத்தில் அவை கோபுரம்போல் ஒன்றன்மேல் ஒன்று குத்திட்டு நிற்கின்றன. வலப்பக்கம், நொறுங்கிய கப்பலின் பின்பகுதி கொஞ்சம் தெரிகிறது. மனிதர் யாருமில்லை. தம்பியை நினைத்துத்தான் வரைந்தார் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனாலும் அந்தப் பாளங்களின் கூர் எனக்கு வலிக்கிறது. அவர் இறக்கும்வரை அந்தப் படம் விற்கவே இல்லை.

ஜூன் 6
வேலை ஓடவில்லை. தூரிகைகளைக் கழுவி வைத்தேன்.

ஜூன் 9
1808இல் ஃப்ரீட்ரிஷ் முடித்த, மலையுச்சியில் சிலுவை நிற்கும் டெட்ஷன் பலிபீடப் படத்துக்கு அவரே விளக்கம் எழுதியிருக்கிறார். பாறை என்றால் விசுவாசம், என்றும் பசுமையான ஊசியிலை மரம் என்றால் நம்பிக்கை. இயற்கைக் காட்சியைப் பலிபீடத்தில் வைக்கலாமா என்று பெரிய எதிர்ப்பு வந்ததால் சொல்லவேண்டியதாயிற்று. எனக்கு அந்த விளக்கம் இல்லாமலே படம் பிடிக்கும். இதற்கு இது என்று அகராதி போட்டுவிட்டால் மரம் மரமாக இருப்பதில்லை. யோசித்துப் பார்த்தால் என் படகும் அப்படித்தான். படகு என்றால் பயணம், ஆளில்லை என்றால் மரணம். யாரும் ஒரு நொடியில் படித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

ஜூன் 13
‘கடலோரத் துறவி’. 1810இல் பெர்லினில் காட்சிக்கு வைத்தது. அகலம் ஒன்றரை மீட்டருக்கும் மேல். அதில் பெரும்பகுதி வெறும் வானம். கீழே கறுத்த கடல், வெளிறிய மணல்மேடு, மிகச் சிறியதாக ஒரு துறவி, நமக்கு முதுகைக் காட்டியபடி. அகச்சிவப்புக் கதிர் வைத்துப் பார்த்தபோது அடியில் பாய்மரக் கப்பல்கள் தெரிந்தன. முதலில் வரைந்து, அப்புறம் அவரே மறைத்துவிட்டார். கப்பல் இருந்திருந்தால் கண் அதைப் பிடித்துக்கொண்டு கரையேறியிருக்கும். இப்போது பிடிப்பதற்கு எதுவுமில்லை.

நம் அகத்திணையில் நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல். அந்தப் பாட்டுகளில் தலைவி துக்கத்தைப் பெயர் சொல்லிப் புலம்பாத இடங்கள்தான் எனக்கு நெஞ்சில் நிற்கின்றன. அலை, புன்னை, பொழுது சாய்வது என்று சொல்லிக்கொண்டே போவாள். அவள் நிலை தானாகப் புரிந்துவிடும். அந்தத் துறவி நிற்கும் மணலும் எனக்கு நெய்தல்தான்.

ஜூன் 14
படகைச் சுரண்டி எடுத்துவிட்டேன். மேல்தோல் மட்டும்தான் காய்ந்திருந்தது. பேலட் கத்தியை வைத்ததும் உள்ளே ஈரமான பழுப்பு சுருண்டு வந்தது. ஆளிவிதை எண்ணெயின் வாசனை கை முழுக்க. அந்த இடத்தில் தண்ணீரின் சாம்பல்நீலத்தை மெல்லியதாக இழுத்தேன். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் படகின் விளிம்பு மேடாக இன்னும் தெரிகிறது. அதைத் தேய்க்க மனம் வரவில்லை.

ஜூன் 16
அம்மா வந்து பார்த்தாள். படம் எதைப் பற்றி என்று நான் சொல்லியிருக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, “பொழுது சாயுற நேரமா?” என்று கேட்டாள். நான் வரைந்தது விடியல். “ஆமாம்மா” என்றேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

நாளை அடிவானத்து மஞ்சளைக் குறைக்கவேண்டும்.