தங்கையின் கேள்வி

"அண்ணாகூட நான் சண்டை போட்டதாலதான் இப்படி ஆச்சாக்கா?"

கோத்தகிரிக்கு அருகே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடொன்றின் வாசலில், இன்று காலை அந்த ஆறு வயதுச் சிறுமி செவிலியரிடம் கேட்டாள்.

கிளம்புவதற்காக எடுத்த பையைக் கீழே வைத்துவிட்டு, அவர் ஈரத் திண்ணையிலேயே அவளருகே அமர்ந்தார். "இல்லடா கண்ணு, சண்டையால யாருக்கும் புற்றுநோய் வராது" என்றார். அவள் நம்பும்வரை, அவசரப்படாமல், மீண்டும் மீண்டும் சொன்னார்.

உள்ளே, கம்பளிக் குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டிருந்த அண்ணன், பல நாட்களுக்குப் பின் வலியின்றி உறங்கிக்கொண்டிருந்தான். கடும் வலிக்குத் தரப்படும் மார்ஃபின் என்றதும் முதலில் மறுத்த தாய், அளவறிந்து கொடுத்தால் அது வலியைத்தான் குறைக்கும், ஆயுளை அல்ல என்பதை இப்போது அறிந்திருக்கிறார். போதைப்பொருள் சட்டத்தில் 2014-ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம் அந்த மருந்தைப் பெறும் நடைமுறையை எளிதாக்கியது. ஆனால் மலைச்சரிவில் இருக்கும் இந்த வீடுவரை அதைக் கொண்டுவர ஒருவர் நடந்துதான் வரவேண்டியிருக்கிறது.

குழந்தைகளின் வலியையும் வேதனையையும் குறைக்கும் நோய்த்தணிப்புச் சிகிச்சை, நோய் கண்டறியப்பட்ட நாளிலேயே தொடங்க வேண்டும், அது குடும்பத்தையும் தாங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குடும்பம் என்றால் பெற்றோர் என்று மட்டுமே இதுவரை நினைத்திருந்தேன்.

விடைபெறும்போது அவள் கேட்டாள்: "அடுத்த வாரம் என்கிட்டயும் பேசுவீங்களாக்கா?"