கிரேடிங்கிலிருந்து ஃபினிஷிங்குக்கு: முதலில் வரம்பு

டாவின்சி ரிசால்வ் மென்பொருளில் கிரேடிங் (நிறத்திருத்தம்) முடித்த காட்சியை, ஃபினிஷிங் என்னும் இறுதிக்கட்ட வேலைக்காக ஃபிளேம் மென்பொருளில் திறக்கும்போது தோற்றம் மாறியிருந்தால், நான் முதலில் பார்ப்பது நிறத்தை அல்ல, சிக்னல் வரம்பை, அதாவது கறுப்பும் வெள்ளையும் எந்த எண்களில் பதிவாகின்றன என்பதை. 10 பிட் வீடியோ வரம்பில் கறுப்பு 64இலும் வெள்ளை 940இலும் நிற்க, முழு வரம்போ 0 முதல் 1023 வரை விரிகிறது. முன்னதில் எழுதியதைப் பின்னதாகப் படித்தால் படம் வெளிறும், தலைகீழானால் நிழல்கள் அடைபட்டு வெளிச்சப் பகுதிகள் வெட்டுப்படும். இதைக் கர்வ் (ஒளிர்வை மாற்றும் வளைகோடு) இழுத்துச் சரிசெய்வதை நான் ஏற்பதில்லை, ஏனெனில் அடுத்த ஷாட்டிலும் அதே பிழை காத்திருக்கும். இரு மென்பொருள்களுக்கிடையே கொண்டுசெல்லும் இடைநிலைக் கோப்புகளுக்கு, ஏசஸ் எனும் திரைத்துறைப் பொது நிறமுறையின் நிறவெளியில் 16 பிட் ஓபன்ஈஎக்ஸ்ஆர் படக்கோப்பு வடிவம் எனக்குப் பிடித்தது (வட்டு நிறைவது வேறு கதை). எவ்வடிவமாயினும், வண்ணப்பட்டைகளையும் ஒரு சாம்பல் சரிவையும் முதலில் ஏற்றுமதி செய்து, இரு மென்பொருள்களின் ஸ்கோப்பிலும் (சிக்னல் அளவைக் காட்டும் வரைபடம்) அளவுகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தபின்பே முழு ரீலையும் அனுப்புகிறேன்.