டிஷ் எழுந்துவிட்டது, போர்சைட் கோபுரத்துக்குத்தான் இடம் கிடைக்கவில்லை

நில வளங்களைப் படமெடுக்கும் இந்தியச் செயற்கைக்கோளான ரிசோர்ஸ்சாட்-2 அனுப்பும் தரவை வாங்க 7.5 மீட்டர் ஆன்டெனா நிறுவும் வேலை. அஸ்திவாரம், கிரேன், கேபிள் எல்லாம் சொன்ன தேதிக்கு முடிந்தன. எங்களை அலையவிட்டது, ஆன்டெனாவைச் சோதிக்கத் தொலைவில் கட்டும் போர்சைட் கோபுரம்.

ஆன்டெனா செயற்கைக்கோளைத் தானாகப் பின்தொடர வேண்டுமென்றால் திசை விலகலைக் காட்டும் டிராக்கிங் சேனல்களின் ஃபேஸை, அதாவது அலையின் கட்டத்தை, சரிசெய்யணும். அதற்குத் தொலைவில் ஒரு சோதனை சிக்னல் வேண்டும். தரவு வரும் எக்ஸ் பேண்ட் நுண்ணலையில் இந்த அளவு டிஷ்ஷுக்கு அந்தத் தொலைவு சுமார் 3 கிலோமீட்டர். எங்கள் வளாகத்துக்குள் அடங்காது.

நேர்பார்வையில் ஒரு கல்குன்று கிடைத்தது, புறம்போக்கு நிலம். தடையின்மைச் சான்று கேட்டுத் தாலுகா அலுவலகம் போனோம். சர்வே வரைபடம் இல்லை என்று திருப்பினார்கள். அதை வாங்கிப் போனால் உட்பிரிவு எண் விடுபட்டிருந்தது. அதையும் திருத்திக்கொண்டு போனபோது எழுத்தர் கேட்டார்: "எந்தக் கம்பெனி டவர் சார்?" செல்போன் டவரே இல்லை என்று எவ்வளவு சொல்லியும் கோப்பு அந்தப் பிரிவுக்குத்தான் போனது. அங்கே தொலைத்தொடர்பு உரிமத்தின் நகல் கேட்டார்கள். எங்களிடம் எப்படி இருக்கும்? இந்தச் செயற்கைக்கோள் அனுப்புவது பயிர்ப் பரப்பையும் ஏரி நீரையும் கணக்கிட உதவும் படங்கள். வருவாய்த்துறைக்கும் பயன்படுபவை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

கடைசியில் மேலதிகாரி ஒருவரைப் பார்த்தோம். கோபுரத்தின் உயரம், சிக்னலின் திறன், பயன் மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தோம். அவரே ஆளனுப்பிக் குன்றைப் பார்க்க வைத்தார். கோப்பு அப்புறம்தான் நகர்ந்தது. நீங்கள் விண்ணப்பிக்கும்போது "இது செல்போன் கோபுரம் அல்ல" என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். ஒப்புகைச் சீட்டு இல்லாமல் வெளியே வராதீர்கள். சோதனை டிரான்ஸ்மிட்டருக்கு அலைவரிசை அனுமதி தனி. அதற்கும் கையோடு விண்ணப்பித்துவிடுங்கள்.

சான்றுக்காகச் சும்மா காத்திருக்கவும் இல்லை. சூரியனை நோக்கி டிஷ்ஷைத் திருப்பி அதன் ஏற்புத் திறனை அளந்தோம். காலை பத்தரை வாக்கில் செயற்கைக்கோள் தலைக்கு மேல் வரும்போது, சுற்றுப்பாதைக் கணக்கை வைத்தே ஆன்டெனாவைச் செலுத்தி, அந்தச் சில நிமிடங்களுக்குள் செயற்கைக்கோளின் சிக்னலைக் கொண்டே ஃபேஸைச் சரிசெய்தோம். ஆட்டோ டிராக் முதல்முறை பிடித்து, தொடுவானம் வரை விடாமல் போனபோது கட்டுப்பாட்டு அறையில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம்.

கோபுரம் பிறகு வந்தது. இனி புதிதாகக் கட்டுபவர்கள் டிஷ்ஷுக்கு இடம் குறிக்கும் நாளிலேயே குன்றையும் குறித்து, அதன் சர்வே எண்ணை வாங்கிவிடுங்கள். கான்கிரீட் போடுவதெல்லாம் அப்புறம்.