பழைய பதிவுகளைத் தூசி தட்டுங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வலைப்பூ எழுதும் நண்பர்கள் பலரும் "அடிக்கடி புதுசா ஏதாவது போட்டாத்தானே ஆள் வரும்" என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நம் ஊரைத் தேடி வருபவர்கள் நேற்று எழுதியதைவிட என்றோ எழுதியதைத்தான் அதிகம் படிக்கிறார்கள். பிள்ளையார்பட்டியைப் பற்றிய பதிவுக்கு ஆவணியில் சதுர்த்தி நெருங்கும்போது கூட்டம் வரும், பழனி நடைப்பயணம் பற்றி எழுதியிருந்தால் தைப்பூசத்துக்கு முன்னால் வரும். அந்த நேரத்தில் அதில் பழைய பேருந்து நேரமும், ஓடாத தொலைபேசி எண்ணும் இருந்தால் வந்தவர் மறுபடி வரமாட்டார். அதனால் திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பே அந்தப் பதிவைத் திறந்து, விவரங்களை விசாரித்துச் சரி செய்து, மேலே "திருத்திய தேதி" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். புதுப் பதிவு மாதம் ஒன்றோ இரண்டோ போதும், ஆனால் விடாமல் வரட்டும்.

என்ன எழுதுவது என்று கேட்பவர்களுக்கு என் பதில், கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லைப் பற்றி "பாரம்பரியம் மிக்க கைவினை" என்று தொடங்கும் பதிவுகள் இணையம் முழுக்கக் கிடக்கின்றன. பட்டறையில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வேலைப்பாட்டு அச்சை இறக்கி, ஒவ்வொரு அறையிலும் வண்ணக் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, அச்சை அலுங்காமல் தூக்குகிறார்கள். அதன் மேல் சிமெண்டும் மணலும் தூவி, கலவை போட்டு மட்டம் செய்கிறார்கள். பிறகு தண்ணீரில் ஊறப்போட்டு, வெயிலில் காயவைத்தால் கண்ணாடி கழன்று வருகிறது, அந்தப் பக்கம்தான் அந்தப் பளபளப்பு. இதை இதே வரிசையில், செய்கிறவர் கையைப் படம் எடுத்துப் போட்டாலே போதும், அடைமொழி ஒன்றுகூட வேண்டாம். சமையல் குறிப்பும் அப்படித்தான். ஆச்சிமார் சொல்லும் ஆழாக்குக் கணக்கை அப்படியே எழுதி, பக்கத்தில் கிராமிலும் போடுங்கள். கவுனி அரிசியை இரவே ஊறவைக்க வேண்டும் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள், காலையில் அடுப்பைப் பற்றவைத்த பிறகு அதைப் படிப்பவர் பாவம்.

கூகுளின் வலைப்பூச் சேவையான பிளாக்கரில் எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தலைப்பைத் தமிழில் மட்டும் வைத்தால் பதிவின் இணைய முகவரியில் தமிழ் எழுத்துகள் விழாது, பொருளே இல்லாமல் "பிளாக் போஸ்ட்" என்றுதான் வரும். வெளியிடுவதற்கு முன்பே வலப்பக்கத்தில் உள்ள பெர்மாலிங்க் (பதிவின் நிலையான முகவரி) பகுதிக்குப் போய், ஊர்ப் பெயரையும் பொருளையும் ஆங்கில எழுத்தில் நீங்களே கொடுத்துவிடுங்கள். வெளியிட்ட பிறகு மாற்றினால் ஏற்கெனவே பகிர்ந்த சுட்டிகளெல்லாம் உடைந்துபோகும். தலைப்பில் தேடுகிறவர் தட்டும் சொல் இருக்க வேண்டும், "ஒரு இனிய பயணம்" என்று யாரும் தேடுவதில்லை.

படங்களை போனிலிருந்து எடுத்தபடியே ஏற்றாதீர்கள், ஒவ்வொன்றும் நாலைந்து எம்பி இருக்கும், சிக்னல் மெதுவாக உள்ள கிராமத்தில் பக்கம் திறக்கவே திறக்காது. அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்தால் பெரும்பாலும் 300 கேபிக்குள் அடங்கிவிடும். கோப்புக்கு ஊர், பொருள், ஆண்டு வைத்துப் பெயர் கொடுங்கள்.

அப்புறம், இதை எல்லாரும் தயவுசெய்து கேளுங்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டின் தெருப் பெயரையும், "இவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், வருஷத்துக்கு ஒருமுறைதான் வருவார்கள்" என்பதையும் ஒரே பதிவில் எழுதவே கூடாது. உள்ளே தேக்குத் தூணும், கதவு நிலையும், பித்தளைச் சாமானும் இருக்கும் வீடுகள் அவை, திருடனுக்கு நாமே வழி சொன்ன மாதிரி ஆகிவிடும். வளவுக்குள், அதாவது வீட்டின் உள்முற்றப் பகுதியில், படம் எடுக்க அனுமதி கொடுத்தவரிடம், இணையத்தில் போடவும் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். சாமி அறையைக் காட்ட வேண்டாம் என்று சொன்னால் காட்டக் கூடாது, அவ்வளவுதான்.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகங்களோடு நிற்காமல் அழைப்பிதழ், நாடக நோட்டீஸ் என்று மற்றவர்கள் தூக்கிப்போட்டதையும் சேர்த்து வைத்தார். அவர் 1992-இல் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்புதான் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக வளர்ந்தது. நாம் எழுதுவதும் வேறொருவர் கம்ப்யூட்டரில்தான் கிடக்கிறது. யாஹூவின் இலவச வலைப்பக்கச் சேவையான ஜியோசிட்டீஸ் 2009-இல் மூடப்பட்டபோது எத்தனையோ பேரின் பக்கங்கள் அதோடு போயின. ஆகவே மாதம் ஒருமுறை பிளாக்கர் அமைப்புகளில் "பேக்கப்" எடுங்கள். அதில் படங்களும் வந்துவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம், மூலப் படங்களைத் தனி ஹார்ட் டிஸ்கில் ஆண்டு வாரியாகப் போட்டு, இன்னொரு பிரதியை வேறு ஊரில் இருக்கும் தம்பியிடமோ மகளிடமோ கொடுத்து வையுங்கள். சொந்த டொமைன் (இணையப் பெயர்) வைத்திருப்பவர்கள் அது காலாவதியாகும் தேதியை வீட்டு நாள்காட்டியிலும் குறித்து, கடவுச்சொல் எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லிவிடுங்கள்.